கதவைத் திறந்தவர் வரைய வேண்டும்

எங்கள் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால் பாதிப் பேர் சீட்டாட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் ‘இந்த வயசுல இது தேவையா’ என்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இருந்தாலும் கடைசித் தடவையாகச் சொல்கிறேன். ஒரு மேஜை, சுற்றி நாலு பேர், தாள், பென்சில், விதவிதமான பகடைகள். மூன்று பேர் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வாள் வீரன், ஒருவர் வைத்தியக்காரி, ஒருவர் திருடன். நாலாமவர் நடுவர். பூமிக்கு அடியில் ஒரு பாதாளக் கோட்டை இருக்கிறது. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது நடுவருக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் “கதவைத் திறக்கிறேன்” என்பார்கள், என்ன தெரிகிறது என்று நடுவர் சொல்வார். அடிதடி வந்தால் பகடை தீர்த்துவைக்கும். ஜெயிப்பது, பரிசு வாங்குவது என்றெல்லாம் ஒன்றும் கிடையாது.

நடுவர் நான்.

பிழைப்புக்குப் பல் செட் செய்கிறேன். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் கடி பார்த்து, பல் வரிசை அமைத்துத் திருப்பி அனுப்புவேன். வாய் மட்டும்தான் என்னிடம் வரும், ஆள் வரமாட்டார். நான் செய்த பல்லால் ஊரில் எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள், ஒரு முகமும் எனக்குத் தெரியாது. பட்டறை கீழே, வீடு மேலே. இடையில் இருக்கும் படிக்கட்டுதான் என் உலகப் பயணம். மனைவி என்னைவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஏன் போனாள் என்று கேட்பவர்களிடம், அவளையே கேளுங்கள் என்பேன். கேட்டவர்கள் யாரும் திரும்பி வந்து எனக்குச் சொல்லவில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தான் எனக்கு மனிதக் குரல் கேட்கிற நேரம். ஆட்டம் நின்றால் அதுவும் போய்விடும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் என் மேஜையில் நடந்த எல்லாக் காரியத்துக்கும் இந்தப் பயம்தான் காரணம்.

மேஜைக்கு வருகிற மூன்று பேரைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, வக்கீல். பட்டப்பெயர்தான். கோர்ட்டு வாசலை மிதித்தவர் இல்லை, பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எதற்கெடுத்தாலும் “அப்படி எங்க எழுதியிருக்கு?” என்று கேட்பதால் அந்தப் பெயர். இரண்டாவது, மருந்துக்கடையம்மா. வைத்தியக்காரி வேஷம் அவருடையது. கடையில் பார்க்கிற வேலையையே இங்கேயும் வந்து பார்க்கிறீர்களே என்று கேலி செய்தால், “இங்க யாரும் சில்லறை இல்லைன்னு சொல்றதில்ல சார்” என்பார். மூன்றாவது என் மைத்துனன், மனைவியின் தம்பி. குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக். அக்கா போன பிறகும் அவன் வருவதை நிறுத்தவில்லை. இன்னமும் என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறான். அந்தச் சொல்லால் என்னைக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

இந்த ஆட்டத்துக்கு ஒரே புத்தகம் என்பதும் கிடையாது. பழைய காலத்தில் ஆளாளுக்கு ஒன்று அச்சடித்தார்கள். போதாததற்கு, ஒவ்வொரு மேஜையும் புத்தகத்தில் இல்லாத சொந்த விதிகளைச் சேர்த்துக்கொள்ளும். வீட்டு விதிகள் என்போம். குழம்பில் உப்பு மாதிரி, அவரவர் வீட்டு அளவுதான் அவரவருக்குச் சரி. நாங்கள் நால்வரும் நாலு வேறு மேஜைகள் கலைந்து மிஞ்சியவர்கள். என்னுடையது சிவப்பு அட்டைப் புத்தகம். அதில் நடுவர்தான் ராஜா. வரைபடம் அவரிடம், அரக்கர்கள் அவரிடம், கேள்விக்குப் பதில் அவரிடம். வரைபடம் மற்றவர் கண்ணில் படாமல் மறைக்கிற அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆட்சி செய்யலாம். அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

முதலில் முகம் சுளித்தவர் மருந்துக்கடையம்மா. யாருக்காவது ரத்தம் வந்தால்தான் அவருடைய வைத்தியக்காரிக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் கொட்டாவி. ஒரு ஞாயிறு கிளம்பும்போது, “அடுத்த வாரம் பார்க்கலாம் சார்” என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய் அதன் பிறகு பார்க்காமலே இருந்தவர்களின் குரல் அது. படியிறங்கியவரை மறித்து நிறுத்தி, உங்கள் பழைய மேஜையில் என்ன விதி வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் படிக்கும்போது விடுதியில் ஆடியது, எல்லாவற்றையும் நூற்றுக்கு இத்தனை என்று கணக்குப் பண்ணும் புத்தகம். அங்கே ஒரு வீட்டு விதி: சண்டையில் சும்மா இருப்பவர் அரக்கனை ஆட வேண்டும். சரி, சேர்த்துக்கொள்வோம் என்றேன். மறு வாரம் அந்தம்மா குகை ராட்சசனாக உறுமிய உறுமலில் பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்து வக்கீல். “மாஸ்டர், கதவு பூட்டியிருக்குன்னு சொல்றீங்களே, அது முன்னாடியே எழுதி வெச்சதா, இல்ல இப்ப யோசிச்சதா?” என்றார். இப்போது யோசித்ததுதான். அதை ஒப்புக்கொள்ள முடியுமா? இரண்டு வாரம் வராமல் இருந்தார். டிப்போவில் பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே தனியாகவே ஆடிப் பழகியவர் அவர். நடுவர் இல்லாததால் பகடையிடம் கேட்பாராம். கதவு பூட்டியிருக்கிறதா? சாதாரணப் பகடையை உருட்டு. ஐந்தோ ஆறோ விழுந்தால் ஆமாம், ஒன்றோ இரண்டோ என்றால் இல்லை, நடுவில் விழுந்தால் ஆமாம் ஆனால் ஏதோ சிக்கல். கேள்விப் பகடை என்று பெயர். அதையும் சேர்த்தேன். வக்கீல் வந்துவிட்டார்.

கடைசியாக மைத்துனன். வேலை நேரம் மாறிவிட்டது, ஞாயிறு கொஞ்சம் சிரமம்தான் என்று இழுத்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவனுடைய பட்டறை நண்பர்கள் நகலெடுத்துத் தைத்த மெல்லிய புத்தகத்தில் ஒரு விதி இருந்தது: கதவைத் திறந்தவர்தான் அந்த அறையை வரைய வேண்டும். வரைவதென்றால் அவனுக்குக் கொள்ளை ஆசை. கையெழுத்துதான் கோழி கிளறியது மாதிரி இருக்குமே தவிர, ஆசைக்கு அளவில்லை. அதையும் சேர்த்து, வரைபடத்தை அவனிடமே கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தமாக வரைந்து எடுத்துவா என்றேன். சிரமம் பறந்துவிட்டது.

இவற்றை ஒன்றாக்குவது லேசுப்பட்ட வேலை என்று நினைக்க வேண்டாம். ஒன்று நூற்றுக்குக் கணக்குப் பார்க்கும், இன்னொன்று இருபது முகப் பகடைக்கு. ஒன்றில் காயம்பட்டவன் உடனே சாவான், இன்னொன்றில் படுத்துக்கிடப்பான். வாரம் பூராவும் பட்டறையில் பல்லைத் தேய்த்துக்கொண்டே யோசிப்பேன். புதுப் பல் செட்டில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் இடிக்கும். நடுவே நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்க வைத்தால் இடிக்கிற இடத்தில் நீலம் படியும், அந்த இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். அதையேதான் விதிகளுக்கும் செய்தேன். பெரிய இடி, கேள்விப் பகடைக்கும் வரைகிற விதிக்கும் நடுவே. ஓர் அறையை ஒருவர் வரைந்துவிட்டார், அதைப் பற்றிப் பகடையிடம் கேட்கலாமா? கூடாது என்று தீர்ப்பெழுதினேன். வரைந்தவர் சொல்தான் கடைசி, அதில் பகடையும் தலையிடாது, நடுவரும் தலையிடமாட்டார். வக்கீலே எழுந்து நின்று கைகுலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆட்டம் அதற்குப் பிறகு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்று பேரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். நான் தேநீரை ஆறுவதற்குள் குடிக்க முடிந்தது. அது நல்ல சகுனம் என்றே நினைத்தேன். ஏன் ஆறுவதற்குள் குடிக்க முடிகிறது என்று யோசிக்கிற புத்தி எனக்கு வரவில்லை. அரக்கன் மருந்துக்கடையம்மாவிடம் போயிருந்தான், பதில் பகடையிடம் போயிருந்தது, கோட்டை மைத்துனனிடம் போயிருந்தது. யாரும் போய்விடக் கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, கடைசியில் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நானும் தேநீர்க் கோப்பையும்தான் மிச்சம்.

இது எனக்கு உறைத்தது போன மாதம் ஒரு ஞாயிறு. மைத்துனன் வரைபடத்தை விரித்தான். போன வாரம் நாங்கள் விட்ட இடத்துக்கு அப்பால் மூன்று அறைகள் புதிதாக இருந்தன.

“இது என்ன? இங்க இன்னும் போகவே இல்லையே” என்றேன்.

“அது புதன்கிழமை போனது மாஸ்டர்” என்றார் வக்கீல், வெள்ளந்தியாக. “மேடம் வீட்டுல கொஞ்சம் ஆடிப் பாத்தோம். அருமையா வந்துச்சு. உங்க விதிக்கு நடுவரே தேவையில்ல, தெரியுமா?”

மருந்துக்கடையம்மா மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தது எனக்குக் கேட்டது. “உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் சார்” என்றார். மைத்துனன் பென்சிலைச் சீவ ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சீவியிருந்தது.

சிரித்தபடி பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வரைபடத்தைப் பார்த்தேன். முதல் இரண்டு அறைகள் மைத்துனனின் கை, சதுரமாக இருக்க வேண்டியது கோணிக்கொண்டு நின்றது. மூன்றாவது அறை அவன் கை இல்லை. கோடுகள் நேராக, மெல்லிசாக இருந்தன. கிழக்குச் சுவரில் இரண்டு ஜன்னல்கள்.

பாதாளக் கோட்டையில் ஜன்னல்! எந்தப் புத்தகத்திலும் எந்த மேஜையிலும் ஒரு மனிதன் அப்படி வரைந்ததில்லை. பூமிக்கு அடியில் ஜன்னலைத் திறந்தால் மண்தானே தெரியும். ஆனால் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் சமையலறை, தண்ணீர்க் குழாய் எதையும் பார்க்காமல் நேராகப் போய் ஜன்னலைத் திறந்து பார்க்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும். ஜன்னல் சரியில்லை என்று நல்ல நல்ல வீடுகளை எல்லாம் வேண்டாம் என்றவள். நான் ஆட்டம் ஆடுகிற நாளில் பக்கத்து அறையில் காகிதத்தில் வீட்டுப் படம் வரைந்துகொண்டிருப்பாள். எல்லாப் படத்திலும் கிழக்கே இரண்டு ஜன்னல்.

அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது மட்டும், “அடுத்த வாரம் ஒரு விதியைப் பத்திப் பேசணும்” என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வயிற்றெரிச்சல். மறைக்க என்ன இருக்கிறது, வயிறு எரிந்தது. நான் சேர்த்த விதி, நான் இழைத்த விதி, அதை வைத்துக்கொண்டு நான் இல்லாமல் சிரிக்கிறார்கள், கூட அவளும். ஒரு பல் செட்டைத் தேய்க்கிறேன் என்று தேய்த்துத் தேய்த்துக் கடைவாய்ப் பல்லையே காணாமல் அடித்தேன். மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. வரைகிற விதியை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எடுத்தால் வரைபடம் என்னிடம் திரும்பும். பிறகு நான் இல்லாமல் எப்படி ஆடுவார்கள் என்று பார்க்கலாம்.

மைத்துனனை மட்டும் முன்கூட்டியே வரச் சொன்னேன். வந்தான். உட்காரக்கூட விடவில்லை.

“அந்த ஜன்னல் யார் வரைஞ்சது?”

“நான்தான் அத்தான்.”

“நீ வரைஞ்ச அறையில சுவர் நாலா மூணான்னே சொல்ல முடியாது. நீ ஜன்னல் வரைஞ்சியா?”

பகடைப் பையின் கயிற்றை முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான்.

“அக்காதான் கேட்டா. அந்த ஆட்டம் இன்னும் நடக்குதான்னு. நடக்குதுன்னேன். அத்தான் இல்லாம அத ஆட முடியுமான்னு கேட்டா. முன்னாடின்னா முடியாது, இப்ப முடியும்னேன்.”

“ரொம்ப நல்லது. விதி பண்றது நான், விளையாடுறது நீங்க.”

“கோபப்படாதீங்க அத்தான்.”

“கோபமா? எனக்கா?” என்று கத்தினேன்.

அவன் பகடைப் பையைக் கீழே வைத்தான். நானே கேட்டேன். “அவ என்ன வேஷம்?”

“விளக்குப் பிடிக்கிறவ. சண்டையெல்லாம் வேணாம்னுட்டா. முன்னால விளக்கைத் தூக்கிட்டு நடப்பா, கதவு வந்தா அவதான் திறப்பா.”

“சிரிக்கிறாளா?”

“அங்க வந்தா சிரிக்கிறா.” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அவளும் தனியாத்தான் இருக்கா அத்தான். வேலைக்குப் போறா, வீட்டுக்கு வர்றா, கதவைச் சாத்திக்கிறா. வாரத்துல அந்த ஒரு நாள்தான் நாலு வார்த்தை பேசறா.”

தனிமையை எனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்கும் அதில் பங்கு உண்டு என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள், நான் ஒருவன்தான் இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

“நான் அந்த விதியை எடுத்துட்டா?”

“எடுத்தா எடுத்ததுதான். வக்கீல் சார்கிட்ட கேட்டேன். ரெண்டு நாளும் ஒரே கோட்டை, ஒரே ஆட்டம். ஞாயித்துக்கிழமை இல்லாத விதி புதன்கிழமையும் கிடையாதாம்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “நடுவர் வேணும்னா நீங்கதான் வரணும். நீங்க வந்தா அவ வரமாட்டா. இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் மறைச்சோம்.”

மற்ற மேஜைக்காரர்களாக இருந்தால் எனக்குத் தெரியாமல் விதியை வைத்துக்கொண்டு ஆடியிருப்பார்கள். இவர்கள் ஆடமாட்டார்கள். பொய் சொல்வார்கள், என்னை விட்டுவிட்டு ஆடுவார்கள், ஆனால் விதியை மட்டும் மீறமாட்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுடைய புதன்கிழமை இருக்காது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மருந்துக்கடையம்மாவும் வக்கீலும் ஒன்றாக வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நால்வரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

“விதி பேசறதா, ஆட்டமா மாஸ்டர்?” என்றார் வக்கீல்.

“முதல்ல ஆட்டம்.”

மைத்துனன் வரைபடத்தை விரித்தான். கதவைத் திறந்து வரைந்ததோடு புதன்கிழமை ஆட்டம் நின்றிருந்தது, அவர்களுடைய ஆட்கள் அந்த மூன்றாவது அறைக்கு வெளியேதான் நின்றிருந்தார்கள். வேறு வழி இல்லை, அதைக் கடந்துதான் போக வேண்டும். வக்கீலின் திருடன் உள்ளே நுழைந்தான். தரையைத் தட்டிப் பார்த்தான், மூலையைத் துழாவினான். பிறகு வக்கீல் பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு ஜன்னல் இருக்கு. திறந்து எட்டிப் பாக்கிறேன். வெளியே என்ன தெரியுது மாஸ்டர்?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. மருந்துக்கடையம்மா கண்ணை மூடிக்கொண்டார். மைத்துனன் என் முகத்தையே பார்த்தான்.

என் நாக்கில் பதில் தயாராக இருந்தது. மண், ஈர மண், வேர். பூமிக்கடியில் வேறென்ன தெரியும்? நான் சொன்னால் அதுதான். விதியை எடுத்துவிட்டேன் என்பதையும் அந்த ஒரே சொல்லில் சொன்னதாகிவிடும். அவள் புதன்கிழமை விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலைத் திறந்தால் என்னுடைய மண் நிற்கும். இருபது வருடமாக இந்த மேஜையில் கேட்ட கேள்விக்கெல்லாம் உடனே பதில் சொன்ன வாய் இது. சொல்லத் துடித்தது. ஆனால் அந்த ஜன்னலுக்கு வெளியே அவள் என்ன வைத்திருக்கிறாள் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்த நாளில் அந்தப் படங்களில் ஒன்றையாவது எடுத்து, இங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று நான் கேட்டதும் இல்லை.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

வரைபடத்தை மைத்துனன் பக்கம் நகர்த்தினேன்.

“வரைஞ்சவங்களுக்குத்தான் தெரியும். நானும் சொல்லக் கூடாது, பகடையும் சொல்லக் கூடாது. புதன்கிழமை அவங்ககிட்ட கேட்டுக்குங்க.”

வக்கீல் தொண்டையைச் செருமினார். “அப்ப அந்த விதி? ஏதோ பேசணும்னீங்களே?”

“இருக்கட்டும். நல்லாத்தானே ஓடுது.”

மருந்துக்கடையம்மா என் கோப்பையை எடுத்து, ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு வேறு தேநீர் ஊற்றி வைத்தார். அதன் பிறகு ஆட்டம் நடந்தது. நன்றாகவே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது மைத்துனன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வாசலில் கொஞ்சம் தயங்கினான். “கேட்டுட்டு வந்து உங்களுக்குச் சொல்லட்டுமா அத்தான்? ஜன்னலுக்கு வெளியே என்னன்னு?”

சொல்லு என்றுதான் வாய்வரை வந்தது.

“வேணாம்டா” என்றேன். “அந்த அறையில நான் இல்லையே.”

அவன் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினான். நான் பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன், நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினேன், கோப்பைகளைக் கழுவினேன். திங்கள், செவ்வாய் ஓடிவிடும், பட்டறையில் வேலை கிடக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் எங்கே போய் உட்காருவது என்றுதான் தெரியவில்லை.